நிலாவெளி வளவில் வைத்த செவ்வண்டுப் பொறி: வாங்குவதற்கு முன் இதை வாசியுங்கள்

தென்னைக்கு வருகிற செவ்வண்டைப் பிடிக்க என்று இப்போது திருகோணமலைக் கடைகளில் ஒரு வாளிப் பொறி விற்கிறார்கள். நிலாவெளி, கும்புறுபிட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் என்னைக் கண்டால் முதலில் கேட்பது, அது வேலை செய்கிறதா என்றுதான். செய்கிறது. ஆனால் கடையில் சொல்கிற மாதிரி, வாங்கிக் கட்டிவிட்டால் வண்டெல்லாம் உள்ளே விழுந்து செத்து மரங்கள் தப்பிவிடும் என்று நம்பி வாங்கினால் காசு வீண். வளவுக்குள் வண்டு நடமாட்டம் இருக்கிறதா, கூடுகிறதா குறைகிறதா என்று நேரத்தோடு அறிய வாங்கினால், தோட்டக்காரனுக்கு இதைவிட உருப்படியான சாமான் வேறு இல்லை என்றே சொல்வேன்.

பொறி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூடி போட்ட பிளாஸ்ரிக் வாளி, மூடிக்குக் கொஞ்சம் கீழே சுற்றிவர நாலு ஓட்டை, மூடியின் உட்பக்கம் ஒரு கம்பிக் கொக்கி, அதில் தொங்கவிட ஒரு சின்னப் பக்கற். அந்தப் பக்கற்தான் சரக்கு. ஆண் செவ்வண்டு நல்ல தீனியைக் கண்டுவிட்டால் ஒரு வாசம் விடும், அதைப் பிடித்துக்கொண்டு ஆணும் பெண்ணும் வந்து கூடும். அந்த வாசத்தின் முக்கியமான பொருளை ஆய்வாளர்கள் 1993இல் கண்டுபிடித்து பெருஜினியோல் என்று பெயர் வைத்தார்கள். அதைச் செயற்கையாகச் செய்துதான் பக்கற்றுக்குள் அடைத்து விற்கிறார்கள்.

இந்த வண்டை ஏன் முன்கூட்டியே அறியவேண்டும் என்பதை மரம் பறிகொடுத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, புதிதாகக் கன்று வைத்தவர்களுக்காக எழுதுகிறேன். பெண் வண்டு மரத்தில் காயம் தேடும். ஓலை வெட்டிய இடம், கருவண்டு குடைந்த இடம், கத்தி பட்ட இடம், எதுவென்றாலும் அதற்குச் சரி, அங்கே முட்டை வைக்கும். ஒரு பெண் 200, 300 முட்டை வரைக்கும் இடும். பொரித்து வருவது காலில்லாத கொழுத்த வெள்ளைப் புழு, அது உள்பக்கமாகவே தின்றுகொண்டு போகும், வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. முட்டை வண்டாக மூன்று நாலு மாதம் எடுக்கும், அந்த வண்டு வேறு மரம் தேடிப் போகவேண்டும் என்றும் இல்லை, அதே மரத்துக்குள்ளேயே அடுத்த தலைமுறையைத் தொடங்கிவிடும். குருத்து சாய்ந்து, நடு ஓலை வாடி, உங்களுக்குச் சந்தேகம் வருகிற நேரத்தில் வட்டுக்குள் எல்லாம் அழுகின பலாப்பழம் மாதிரிக் கூழாகி, புளித்த நாற்றம் எடுத்துவிடும். பிறகு எந்த மருந்தும் உதவாது, மரத்தை வெட்டிப் பிளந்து எரிக்கவேண்டியதுதான்.

செவ்வண்டு நமக்கு வெளியில் இருந்து வந்த வண்டும் இல்லை. தென்னாசியாவும் தென்கிழக்காசியாவும்தான் அதன் பூர்வீகம். இங்கிருந்து வளைகுடா நாடுகளுக்கு 1980களின் நடுப்பகுதியில் போய்ச் சேர்ந்து பேரீச்ச மரங்களைப் பிடித்தது, 1990களில் ஸ்பெயினுக்கும் போய்விட்டது. அங்கே அதை ஊடுருவி வந்த எதிரியாக நினைத்துக் கண்காணிக்கிறார்கள், நாங்கள் காலங்காலமாகக் கூடவே இருக்கிற வண்டுதானே என்று விட்டுவிடுகிறோம். மரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

கண்காணிப்பு என்றதும் ஒரு குளவியைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்த வாளியை எப்படிப் பாவிக்கவேண்டும் என்பது எனக்கு அந்தக் குளவியைப் பற்றி வாசித்த பிறகுதான் தெளிவாக விளங்கியது.

வட அமெரிக்காவில் ஆஷ் என்று ஒரு மரம், தெருவோரம் எல்லாம் நிற்கும். கிழக்காசியாவில் இருந்து மரப்பெட்டி, பலகை எதிலோ ஒளிந்து வந்ததாகக் கருதப்படுகிற ஒரு பச்சைப் பொன்வண்டு அந்த மரத்தில் ஏறிவிட்டது. அரிசிப் பருக்கையை விடக் கொஞ்சம் நீளம், ஒரு சென்ரிமீற்றர் அளவு, பார்க்க அழகு. அதன் புழு பட்டைக்குக் கீழே வளைந்து வளைந்து தின்று, மரத்தின் சாப்பாட்டுக் குழாய்களை அறுத்துவிடும். அமெரிக்காவின் டெட்ரொயிட் பக்கமும் எதிர்க்கரையில் கனடாவின் வின்ட்சரிலும் 2002இல்தான் கண்டுபிடித்தார்கள், ஆனால் செத்த மரங்களின் வளையங்களைப் பார்த்தபோது 1990களின் தொடக்கத்திலேயே அது வந்துவிட்டது தெரிந்தது. கோடிக்கணக்கான மரம் போய்விட்டது. நமது செவ்வண்டு செய்கிற அதே வேலை: வெளியே தெரியும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும்.

அந்தப் பொன்வண்டுக்குச் செவ்வண்டு மாதிரித் தூரத்தில் இருந்து இழுக்கிற பலமான வாசம் கிடையாது. அதனால் ஊதா நிறப் பசைப்பொறிகளை மரங்களில் தொங்கவிட்டுப் பார்த்தாலும், வண்டு கொஞ்சமாக இருக்கிற ஆரம்ப காலத்தில் லேசில் அகப்படாது. அங்கேதான் குளவி வருகிறது. செர்சேரிஸ் பியூமிபெனிஸ் என்று பெயர், அந்த ஊர்க் குளவிதான், கிட்டத்தட்ட இரண்டு சென்ரிமீற்றர் நீளம், புகை படிந்த மாதிரிச் சிறகு, வயிற்றில் ஒரேயொரு மஞ்சள் பட்டை. பெண் குளவி இறுகிய மணலில் குழி தோண்டிக் குஞ்சுக்குச் சாப்பாடு சேர்க்கும், சாப்பாடு என்றால் பொன்வண்டு இனம்தான். வண்டைக் கொட்டி அசையாமல் ஆக்கி, வயிற்றுக்குக் கீழே அணைத்துக்கொண்டு பறந்து வந்து குழிக்குள் வைக்கும். பள்ளிக்கூட விளையாட்டு மைதானம், பேஸ்போல் மைதானம் என்று மணல் உள்ள இடமெல்லாம் அதன் குழிகள்.

கனடாவில் குவெல்ப் பல்கலைக்கழகப் பூச்சியியலாளர்களும் அந்த நாட்டு உணவுப் பரிசோதனை நிறுவனமும் சேர்ந்து இதை ஒரு கண்காணிப்பு முறையாகவே ஆக்கினார்கள், பிறகு அமெரிக்க மாநிலங்கள் பலவும் எடுத்துக்கொண்டன. கோடை நடுவில், வெயில் ஏறின நேரத்தில், தொண்டர்கள் வலையோடு மைதானத்தில் இருப்பார்கள். குளவி வண்டோடு வந்து இறங்கும்போது பிடித்து, வண்டை எடுத்துக்கொண்டு குளவியை விட்டுவிடுவார்கள். இன்னொரு வழி, குழி வாய்க்கு மேலே நடுவில் ஓட்டை போட்ட ஒரு சின்ன அட்டை வைப்பது. குளவி தனியாக என்றால் அந்த ஓட்டையால் போய்வரும், வண்டோடு வந்தால் நுழைய முடியாது, அட்டையில் தடுமாறி வண்டை விட்டுவிடும். அது மனிதரைக் கொட்ட வருகிற குளவியும் இல்லை, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கனெக்டிகட் மாநிலத்துக்குள் அந்தப் பச்சை வண்டு வந்துவிட்டது என்பதை 2012இல் முதலில் காட்டிக்கொடுத்தது இந்தக் குளவிதான்.

அந்தக் குளவி வண்டை ஒழிக்கும் என்று யாரும் சொல்வதில்லை, அது பிடிப்பது சொற்பம். ஒழிக்கிற வேலைக்காகச் சீனாவில் இருந்து கொண்டுவந்த வேறு நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிகளை 2007இல் இருந்து அமெரிக்காவில் விடுகிறார்கள். காட்டுகிற குளவி வேறு, கொல்லுகிற குளவி வேறு என்று வேலையைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம்முடைய வாளியும் காட்டுகிற பக்கம்தான் சேரும். மரத்தின் வட்டுக்குள், கண்ணுக்கு எட்டாத உயரத்தில் நடக்கிறதை நம் கைக்கு எட்டுகிற ஒரு வாளித் தண்ணீரில் கொண்டுவந்து காட்டும். மரத்தைக் காப்பாற்ற நாங்கள்தான் ஏறவேண்டும்.

சரி, பொறிக்கு வருவோம். நான் வாங்கிய கடையில் எனக்கு இருந்த பெரிய மனக்குறை, உள்ளே வருகிற துண்டுப்பிரசுரம். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அச்சடித்திருக்கிறார்கள், தமிழில் ஒரு வரி கிடையாது. திருகோணமலையில் விற்கிற சாமானுக்கு இது பெரிய குறை, ஏனென்றால் பொறி வேலை செய்வதற்கான முக்கிய விஷயமே அந்தத் தாளில்தான் இருக்கிறது: பக்கற்றை மட்டும் தொங்கவிட்டால் காணாது, வாளிக்குள் புளிக்கிற தீனியும் போடவேண்டும். வாசம் வண்டை வாளி வரைக்கும் கூட்டிவரும், உள்ளே இறங்கவைப்பது தீனி. இது தெரியாமல் வெறும் தண்ணீரோடு கட்டிவிட்டு, ஒன்றும் விழவில்லை, ஏமாற்று வேலை என்று கழற்றி எறிந்தவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். செய்கிறவர்களோ விற்கிறவர்களோ, தயவுசெய்து ஒரு தமிழ்த் தாள் அடித்து உள்ளே வையுங்கள்.

தீனிக்குக் கரும்பு நல்லது என்கிறார்கள். கந்தளாயில் சீனி ஆலை ஓடின காலம் என்றால் கரும்புக்குப் பஞ்சம் இருந்திராது, இப்போது பொங்கல் நேரம் தவிரச் சந்தையில் தேடவேண்டும். நான் போடுவது இளம் தென்னை மட்டையை நசுக்கின துண்டு, அன்னாசித் தோல், கிடைத்தால் கொஞ்சம் கள். கள் ஊற்றிய வாரங்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துவிட்டால் விழுந்த வண்டு மிதந்து ஏறாது. சிலர் பூச்சிமருந்து கலக்கிறார்கள், எனக்கு அதில் விருப்பம் இல்லை, மாடும் குரங்கும் திரிகிற இடம், நகரத்துக்குள் கோட்டைப் பக்கம் வீடு உள்ளவர்கள் என்றால் மான் வந்து வாய் வைக்கும். ஒரு வாரம், கூடினால் பத்து நாளில் தீனியை மாற்றவேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் வாளித் தண்ணீர் மளமளவென்று வற்றும், வற்றினால் விழுந்த வண்டு சுகமாக ஏறி உங்கள் மரத்துக்கே போய்விடும்.

எங்கே வைப்பது என்பதில் கடைத் தம்பி சொன்னதைக் கேட்டு யாரும் செய்யாதீர்கள். “அண்ணன், தோட்டத்துக்கு நடுவில கட்டுங்க, நாலு பக்கத்தாலயும் வரும்” என்றார். “நாலு பக்கத்தாலயும் வந்தால் எல்லாம் வாளிக்குள்ளயா தம்பி விழும்?” என்று கேட்டேன், பதில் இல்லை. வாசத்துக்கு வருகிற வண்டில் ஒரு பகுதி வாளிக்குள் இறங்காமல் பக்கத்து மரங்களில் உட்காரும். ஆகவே இளங்கன்றுகளுக்கு நடுவில் பொறி வைப்பது வண்டுக்கு வழிகாட்டி விடுகிற வேலை. வளவின் ஓரத்தில், கன்றுகளுக்குத் தள்ளி, நிழலில், நெஞ்சு உயரத்துக்குள் வையுங்கள். நிழல் கட்டாயம், வெயில் பட்டால் பக்கற்றில் உள்ளது கெதியில் ஆவியாகிவிடும்.

காற்றையும் பாருங்கள். வண்டு வாசத்தைப் பிடித்துக் காற்றுக்கு எதிராகப் பறந்து வரும். எங்கள் கரையில் கச்சான் தரையில் இருந்து கடலுக்கு வீசுகிறது, அந்த மாதங்களில் வாளியைக் கடற்கரை வேலியில் கட்டினால் வாசம் முழுக்கக் கடலுக்குத்தான் போகும். அதனால் அப்போது மேற்கு ஓரத்தில் வைக்கிறேன், வாசம் தோட்டத்துக்கு மேலாகப் போகும், உள்ளே இருக்கிற வண்டு வெளி ஓரத்துக்கு இழுபடும். வாடைக்காற்று தொடங்கினால் கிழக்கு ஓரத்துக்கு மாற்றுவேன். இது தாளில் எழுதியிருக்கவில்லை, நானே யோசித்துச் செய்வது, எங்கள் வளவுக்குச் சரிவருகிறது.

வாளியின் தரம் பற்றியும் சொல்லவேண்டும். வெளிப்பக்கம் வழவழப்பு. செவ்வண்டு பெரும்பாலும் நேரே ஓட்டைக்குள் பறந்து போகாது, வாளியின் உடம்பில் இறங்கி ஊர்ந்து ஏறித்தான் ஓட்டையைத் தேடும், வழுக்கினால் விழுந்து போய்விடும். நான் பழைய சணல் சாக்கு ஒன்றைச் சுற்றிக் கட்டினேன். கைபிடியும் மெல்லிசு, நம் வெயிலுக்கு நொறுங்குகிறது. உண்மையில் வாளி வாங்கவே தேவையில்லை, பெயின்ற் வாளி ஒன்றில் நாலு ஓட்டை போட்டால் போதும், பக்கற்றை மட்டும் தனியாக வாங்குங்கள். செலவும் அதில்தான், சூட்டைப் பொறுத்துச் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். வாங்கும்போது திகதி பாருங்கள், எங்கே வைத்திருந்து எடுத்துத் தருகிறார்கள் என்றும் பாருங்கள். எனக்கு முதலில் எடுத்து நீட்டியது வாசல் வெயில் அடிக்கிற ராக்கையில் கிடந்தது, வேண்டாம் என்று சொல்லி உள்ளே குளிரில் இருந்ததை வாங்கினேன். வீட்டில் மேலதிகப் பக்கற் இருந்தால் பிரிக்காமல் பிரிட்ஜில் வையுங்கள்.

இன்னொன்று, செவ்வண்டுக்கும் கருவண்டுக்கும் ஒரே பக்கற் சரிவரும் என்று சொல்கிறார்கள். வராது. கருவண்டு, அதுதான் கொம்பு வைத்த காண்டாமிருக வண்டு, அதன் வாசப்பொருளே வேறு, அதற்குத் தனிப் பக்கற் உண்டு. கருவண்டு குருத்தைக் குடைந்தால் ஓலை விரியும்போது கத்தரியால் வெட்டின மாதிரி முக்கோணமாகத் தெரியும், அந்தக் காயத்துக்குத்தான் பின்னால் செவ்வண்டு வரும். எருக் குவியலிலும் உக்கின தென்னங்குற்றியிலும் கருவண்டு பெருகும், அதைக் கிளறித் துப்புரவாக்காமல் பொறியை மட்டும் நம்பிப் பயனில்லை.

விழுந்த வண்டை எண்ணாமல் கொட்டாதீர்கள். ஒரு தட்டில் போட்டுப் பாருங்கள். துருப்பிடித்த இரும்பு நிறம், முதுகில் கறுப்புப் புள்ளிகள், முன்னால் வளைந்த நீண்ட மூக்கு. மூக்கின் மேல்பக்கம் பிரஷ் மாதிரிக் குட்டை மயிர் வரிசை இருந்தால் ஆண், வழவழப்பாக இருந்தால் பெண். ஒரு லென்ஸ் கூடத் தேவையில்லை, விரலால் தடவினாலே தெரியும். பொறியில் பெண்தான் கூடுதலாக விழும், மற்ற நாடுகளிலும் அப்படித்தான் கண்டிருக்கிறார்கள், அந்த ஒவ்வொரு பெண்ணும் 200 முட்டையைத் தன்னோடு கொண்டு போகிறது என்று நினைத்தால் இந்த வாளிமேல் தனி மரியாதை வரும். நான் சமையலறைக் கலண்டரில் வாரத்துக்கு வாரம் எழுதி வைக்கிறேன். ஒரு வாரம் விழுந்த கணக்கு ஒன்றும் சொல்லாது, வரிசையாகப் பார்த்தால்தான் கூடுவது தெரியும்.

அப்படி ஒரு தரம், மாரி முடிந்த கையோடு கணக்குத் திடீரென்று ஏறியது. மரங்கள் எல்லாம் பச்சையாக, ஒரு குறையும் சொல்லமுடியாமல் நின்றன. வழக்கமாகத் தேங்காய் பறிக்க வருகிற ஐயாவைக் கூப்பிட்டேன். அவர் இளமரங்களில் ஒவ்வொன்றாகக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு போனார், கிணற்றடி மரத்தில் நின்றுவிட்டார். “வந்து கேளுங்க, உள்ளுக்க நறநறக்குது” என்றார். கேட்டேன். உலர்ந்த சருகை மெதுவாகக் கசக்குவது போல ஒரு சத்தம், விட்டு விட்டு. மட்டை அடியைச் சுரண்டினால் ஒரு துவாரம், அதில் மென்று துப்பின நாரும் மண்ணிறக் கசிவும். தென்னைப் பயிர்ச்செய்கைச் சபை அலுவலர் சொன்னபடி துவாரத்தைச் சுத்தமாக்கி, மருந்து விட்டு, களிமண்ணால் அடைத்தோம். அந்த மரம் புதுக்குருத்து விட்டு இப்போது பாளை போட்டிருக்கிறது. வேலிக்கு அப்பால் பக்கத்து வளவில், பொறியும் இல்லாமல் பார்க்க ஆளும் இல்லாமல் நின்ற மரம் ஒன்று அதே காலத்தில் தலை முறிந்து விழுந்தது. இரண்டு மரமும் ஏறக்குறைய ஒரே வயது.

பொறி வைத்தவர்கள் கூடவே செய்யவேண்டிய ஒன்று, பச்சை ஓலையை மரத்தோடு ஒட்ட வெட்டவே வேண்டாம். வெட்டத்தான் வேண்டும் என்றால் நாலடி மட்டை விட்டு வெட்டுங்கள், வண்டு வெட்டுவாயில் முட்டையிட்டாலும் புழு தண்டு வரைக்கும் வந்து சேராது.

யார் வாங்கலாம் என்றால், 20 வயதுக்குக் குறைந்த மரம் வளவில் நிற்கிறவர்கள், வாரம் ஒருதரம் மூடியைத் திறந்து பார்க்க நேரம் உள்ளவர்கள். உயர்ந்து வளர்ந்த பழைய மரங்கள் மட்டும்தான் இருக்கின்றன என்றால் செவ்வண்டு அவ்வளவாகத் தொடாது, அந்தக் காசுக்கு எரு வாங்கிப் போடுங்கள். கனடாவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு ஊர் வளவை ஆள் வைத்துப் பார்க்கிறவர்கள் பலர் இப்போது இதை வாங்கி அனுப்புகிறார்கள். அந்த ஆளிடம் வாரா வாரம் வாளிக்குள் விழுந்ததைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். படம் வருவது நின்றுவிட்டால் பக்கற்றைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், பார்க்க ஆளில்லாத பொறி பக்கத்து வளவு வண்டையும் உங்கள் வளவுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.